கடனும் தண்ணீரும் ஒரே வாரத்தில்

சித்திரையில் கேட்ட கடன் ஆனியில் வந்தது.
கையெழுத்துப் போட்ட மூன்றாம் நாள்
மூணாறு தலைப்பில் ஷட்டரைத் தூக்கிவிட்டார்கள்.

ஒன்பது குழி. அஞ்சரை அடி ஆழம்.
கோடையென்றால் வெடித்துக் காய்ந்து
சொன்னபடி நின்றிருக்கும் களிமண்.
இப்போது பக்கமெல்லாம் ஊற்றுக்கண்.
மேஸ்திரி அந்தோணிச்சாமி விரலால் தொட்டார்.
வெண்ணாறா, கோரையாறா, பாமணியா என்றேன்.
"மூணுந்தாம்மா."
தலைப்பில் பிரித்து அனுப்புவதை எல்லாம்
என் குழி திரும்பச் சேர்த்துக்கொள்கிறது.
வாஸ்து நாளில் போட்ட நவதானியம்
எந்தச் சேற்றில் முளைக்கிறதோ.

பதினெட்டு வருஷமாக
அடுத்தவர் கட்டடத்தில், ஆறுக்கு எட்டு இடத்தில்
மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறேன்.
தாமிரக் கம்பி எத்தனை சுற்று என்று
வாய் பேசும்போதும் விரல் எண்ணும்.
கான்கிரீட் எனக்குப் புதிது.
ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று என்றார் இன்ஜினியர்.
செங்கமலமும் பவுனும் சட்டி சட்டியாகக் கொட்ட
நான் ஓரமாக நின்று எண்ணினேன்.
"எங்க மேல நம்பிக்கை இல்லியா?"
இல்லை, பழக்கம் என்றேன்.
பவுன் சிரிக்கவில்லை.

ஆறரைக்கு ஓட ஆரம்பித்த மிக்சர்
பதினொரு மணிக்கு வாய் திறந்து நின்றது.
ஜல்லி லாரி ரயில்வே கேட்டில்.
சரக்கு வண்டிக்கு இன்ஜின் மாற்றுகிறார்களாம்.
நீடாமங்கலத்தில் அதை யாரும்
காரணம் என்றுகூடச் சொல்வதில்லை.

லாரி வந்து ஏழாவது குழி பாதி நிறைந்தபோது
எல்லாருக்கும் முன்னால் எனக்கு வந்தது அந்த வாசம்.
வார்னிஷ் கருகும் வாசம்.
இறைக்கிற மோட்டார் ஒருதரம் முனகி
அடங்கிவிட்டது.
காயில் போச்சு என்றேன்.
"தண்ணி ஏறினா பால் போயிடும்மா,
அப்புறம் வெறும் ஜல்லிதான்" என்றார் மேஸ்திரி.
சாம்பல் நிறத்தில் ஒரு கோடு
கம்பிக்கூட்டை விட்டு நழுவிக்கொண்டிருந்தது.

சுற்றிக் கட்ட எனக்கு அரை நாள் வேண்டும்.
கான்கிரீட் தருவது அரை மணி.

கடைக்கு ஓடினேன்.
கீழ்த்தட்டில் பூவனூர் குலசேகரனின் மூணு எச்.பி.
போன வருஷத்துக்கு முந்தின வருஷம் சரிசெய்தது.
இரண்டாயிரத்து எண்ணூறு பாக்கி.
"நாளைக்கு வாரேன்" என்று
அவர் சொன்ன நாளைகளை எண்ணவில்லை.
தூசியோடு தூக்கி லோடு ஆட்டோவில் போட்டேன்.

எடுத்தவுடன் இழுத்தது.
நான் கட்டிய காயில்.
பிகாஷ் வைப்ரேட்டரை இறக்கினான்.
குமிழி விட்டுவிட்டு அமர்ந்தது கலவை.
கம்பியைப் பிடித்திருந்த என் மணிக்கட்டு வரை
அந்த நடுக்கம்.

எட்டு முடிந்தது. ஒன்பதாவதற்கு இருட்டிவிட்டது.

கூலி எண்ணிக் கொடுக்கும்போது போன்.
"தங்கச்சி, பூவனூரு குலசேகரன்.
தண்ணி வந்துட்டு. வாய்க்கா பள்ளத்துல, வயலு மேட்டுல.
காலைல வாரேன். மோட்டாரு இருக்குல்ல?"
ஓடிக்கிட்டிருக்கு அண்ணே என்றேன்.
"அதான் கேட்டேன், ஓடுமில்ல?"
ஓடும். நானூறு குறைச்சுக் கொடுங்க.
எதற்கு என்று அவர் கேட்கவில்லை.
குறைச்சலுக்குக் காரணம் கேட்கிற ஊர் இல்லை இது.

"நாளைலேர்ந்து ஏழு நாளு தண்ணி ஊத்தணும்,
சாக்கு காயக்கூடாது" என்றார் அந்தோணிச்சாமி,
பகலெல்லாம் நாங்கள் இறைத்துக் கொட்டிய
வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டே.

ராத்திரி வாடகைக் கடையில்
கருகிய மோட்டாரைப் பிரித்துவிட்டு
புதுக் கம்பி சுற்ற உட்கார்ந்தேன்.
ஒன்பதாவது குழிக்கு அது வேண்டும்.
முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது,
அப்புறம் நாற்பதா நாற்பத்தொன்றா?
மணிக்கட்டு இன்னும் அதிர்கிறது.

பிரித்தேன்.
ஒன்று.